எப்படியும் செய்கிற செலவுதானே?

கிரெடிட் கார்டைப் பற்றி இன்று யார் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். “எப்படியும் செய்கிற செலவுதானே, அதில் கொஞ்சம் திரும்பி வந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?” யூடியூபில் நிதி ஆலோசனை சொல்பவர் இதைத்தான் சொல்கிறார். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் சொல்கிறார். மாலில் மேசை போட்டு நிற்கும் இளைஞர், “லைஃப்டைம் ஃப்ரீ சார், ஒரு நிமிஷம் சார்” என்று பின்னாலேயே வந்து சொல்கிறார். மளிகைக்கு ஒரு கார்டு, பெட்ரோலுக்கு ஒன்று, ஆன்லைனுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று என்று வீட்டுச் செலவைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தோதான கார்டை எடுத்துவிட்டால் வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் மிச்சம் என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறார்கள். ரொக்கமாகவோ ஜி-பேயிலோ கொடுப்பவர்கள் வருகிற பணத்தை வேண்டாம் என்று தள்ளுகிறவர்கள் என்பது இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் தீர்ப்பு.

இந்தக் கருத்து தவறு என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. கார்டே கூடாது என்பது என் கட்சி இல்லை. மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு, செலவுக்கு ஏற்ற பரிசுக் கார்டைத் தேடி அலைவதால் கிடைப்பது அற்பம், இழப்பது அதைவிடப் பெரிது என்கிறேன். எப்படியும் செய்கிற செலவு என்று அவர்கள் சொல்வது, கார்டு வீட்டுக்குள் வந்த பிறகு பழையபடி இருப்பதே இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 85,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 16,000. பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்கு வகுத்தால் 9,000. வண்டிக் கடன் தவணை 6,500. நகைச் சீட்டு 5,000. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000. பால் 2,400. காய்கறி, மீன், கறி எல்லாம் சேர்த்து 6,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,500. ஆட்டோ, பஸ், சலூன், மொய், கோயில் என்று இன்னொரு 2,500. இதுவரை கூட்டினால் 54,900 ரூபாய்.

இந்த 54,900-க்குக் கார்டிலிருந்து ஏறக்குறைய எதுவும் வராது. கடன் தவணையைக் கார்டில் கட்ட முடியாது. மீன்காரம்மாவும் ஆட்டோக்காரரும் கார்டு தேய்க்கும் இயந்திரம் வைத்திருப்பதில்லை. வாடகையைக் கார்டில் கட்டும் வசதியைக் கொஞ்ச காலம் பெரிய தந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் வங்கிகள் அதற்கு ஒரு சதவீதக் கட்டணம் போட்டன, பரிசுப் புள்ளிகளை நிறுத்தின. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்ததும் பல செயலிகள் அந்த வசதியையே எடுத்துவிட்டன. பள்ளிக் கட்டணத்தைக் கார்டில் வாங்கும் பள்ளிகள் உண்டு. பெரும்பாலும் அங்கே வசூல் தளம் தனக்கென்று ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளும். கல்விக் கட்டணத்துக்குப் புள்ளி தராத கார்டுகளும் பல.

மிச்சம் இருப்பது மளிகை 8,000, மருந்து 2,000, மின்சாரம், எரிவாயு, கைபேசி, இணையம் சேர்த்து 4,000, பெட்ரோல் 3,500, துணிமணி, ஆன்லைன், ஓட்டல் 6,000. மொத்தம் 23,500. இதில் பெட்ரோலைத் தள்ளிவிடுங்கள். பெரும்பாலான கார்டுகள் எரிபொருளுக்குப் புள்ளி தருவதில்லை, ஒரு சதவீத சர்சார்ஜைத் தள்ளுபடி செய்வதோடு சரி. யூ.பி.ஐ.யில் கொடுத்தால் அந்த சர்சார்ஜே இல்லை. கார்டை எடுத்ததால் வந்த கட்டணத்தைக் கார்டே தள்ளுபடி செய்வதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது?

ஆக, 78,400 ரூபாய் செலவழிக்கும் குடும்பத்தில் பரிசுக்குத் தகுதியான செலவு 20,000 ரூபாய், நாலில் ஒரு பங்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 5 சதவீதம், குறிப்பிட்ட தளத்தில், குறிப்பிட்ட வகைப் பொருளுக்கு, மாத உச்சவரம்புக்குள் வாங்கினால்தான். இந்தக் குடும்பம் அப்படி மாதம் 3,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதற்கு 150 ரூபாய். மீதி 17,000-க்கு ஒரு சதவீதம், 170 ரூபாய். சேர்த்து மாதம் 320, வருஷத்துக்கு 3,840. எந்த ஆராய்ச்சியும் செய்யாமல், ஆண்டுக் கட்டணம் இல்லாத, எல்லாவற்றுக்கும் ஒரு சதவீதம் தரும் சாதாரணக் கார்டை வைத்திருந்தால் 2,400. வித்தியாசம் 1,440 ரூபாய். அந்த 5 சதவீதக் கார்டுக்கு 999 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 1,179. கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது 261 ரூபாய்.

வருஷத்துக்கு 261 ரூபாய். இதற்காகத்தான் மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிறோம், அட்டவணை ஒப்பிடுகிறோம், ஆதார், பான் எண்ணை முன்பின் தெரியாதவரிடம் நீட்டுகிறோம். இத்தனை லட்சம் செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை என்ற நிபந்தனை இருக்கிறதே என்பார்கள். சரி, கட்டணமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 120 ரூபாய்தான் கூடுதல். ஒரு மசால் தோசைக்கும் காபிக்கும் ஆகும்.

அந்த 120 ரூபாயாவது சுத்தமான லாபமா என்று பார்த்தால், அதுவும் இல்லை. கார்டு வந்ததும் முதலில் மாறுவது கடை. தெருமுனைக் கடை அண்ணாச்சி கார்டு எடுக்க மாட்டார், எடுத்தாலும் “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துப் போடணும் தம்பி” என்பார். அதனால் புள்ளிக்காக சூப்பர் மார்க்கெட்டுக்கோ, பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தரும் செயலிக்கோ போகிறோம். அண்ணாச்சியிடம் துவரம் பருப்பைச் சில்லறையாக, நமக்கு வேண்டிய அளவு, கையில் எடுத்துப் பார்த்து வாங்கினோம். இங்கே அதே பருப்பு அழகான உறையில், கம்பெனிப் பெயரோடு, கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடுதலாக இருக்கும். செயலியில் டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம் என்று தனித்தனியே சேரும். இலவச டெலிவரிக்கு இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கச் சொல்லும். நாமும் வீட்டில் யாரும் கேட்காத ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கூடையில் போடுவோம். 8,000 ரூபாய் மளிகைக்குக் கார்டு தரும் ஒரு சதவீதம் 80 ரூபாய். மூன்று கிலோ பருப்பின் விலை வித்தியாசத்தில் அது போய்விடும். பிஸ்கட் கணக்கு தனி.

அண்ணாச்சி கடையில் இன்னொன்றும் இருந்தது, பற்று நோட்டு. மாதம் முழுக்க வாங்கிவிட்டு சம்பளம் வந்ததும் தீர்க்கலாம். வட்டி கிடையாது, தாமதக் கட்டணம் கிடையாது. கார்டு நிறுவனங்கள் இன்று பெரிய வரம்போலச் சொல்லும் 45 நாள் வட்டியில்லாக் கடனை அவர் பல காலமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பற்று அதிகமானால், “என்னம்மா, இந்த மாசம் கொஞ்சம் கூடப் போயிருக்கே” என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார். கார்டு அப்படிச் சொல்லாது. நீங்கள் அதிகம் செலவழித்தால் உங்கள் கடன் வரம்பை உயர்த்தித் தர முன்வரும்.

அடுத்து மாறுவது தொகை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் நடத்திய ஒரு சோதனை 2001-இல் வெளியானது. மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலத்துக்கு விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மற்றப் பிரிவினர் கார்டில் கட்ட வேண்டும். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்த அந்த ஆட்டத்துக்குக் கார்டுப் பிரிவினர் கேட்ட விலை, ரொக்கப் பிரிவினர் கேட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்கு தெரிந்தவர்கள், பணத்தைப் பற்றியே படிக்கிறவர்கள் அவர்கள். நம் வீட்டில் எல்லாரும் இரண்டு மடங்கு செலவழிப்பார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். ஆனால் மேலே சொன்ன கணக்கில், 20,000 ரூபாய் செலவு வெறும் 2 சதவீதம் கூடினாலே மாதம் 400 ரூபாய் போகிறது. அந்த மாதத்துப் பரிசு 320 ரூபாய்தான். பரிசைச் சுழியாக்க இரண்டு சதவீதம் தடுமாறினால் போதும்.

இந்தத் தடுமாற்றத்தைத் திட்டமிட்டுத் தூண்டவும் செய்கிறார்கள். காலாண்டுக்கு இத்தனை ஆயிரம் செலவழித்தால் வவுச்சர், வருஷத்துக்கு இத்தனை லட்சம் தாண்டினால் கட்டணம் தள்ளுபடி. இலக்கை எட்ட இன்னும் 4,000 ரூபாய் பாக்கி என்று மாதக் கடைசியில் குறுஞ்செய்தி வரும். 500 ரூபாய் வவுச்சருக்காக அடுத்த மாதம் வாங்கினால் போதும் என்றிருந்த மிக்ஸியை இந்த மாதமே வாங்குகிறார்கள். இதுவும் எப்படியும் செய்கிற செலவு என்ற தலைப்பில் எழுதப்பட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. அதைப் பரிசுக் கார்டைப் புகழ்கிறவர்கள் யாரும் தொடுவதில்லை. நம் வீடுகளில் மாதக் கடைசி என்று ஒன்று உண்டு. இருபதாம் தேதி தாண்டினால் வீட்டை நடத்துகிறவர் கையைச் சுருக்கிக்கொள்வார். கறி ஒரு வாரம் தள்ளிப்போகும், துணி அடுத்த மாதத்துக்குப் போகும், ஆட்டோவுக்குப் பதில் பஸ். வங்கி இருப்பு குறையக் குறையச் செலவு தானாகக் குறையும். கணக்கு எழுதத் தெரியாத அம்மாக்கள்கூட இந்த ஒழுங்கில் குடும்பத்தைக் கரை சேர்த்திருக்கிறார்கள். கார்டு வந்ததும் இது உடைகிறது. இருபத்தைந்தாம் தேதியிலும் கணக்கில் பணம் நிறைய இருப்பதுபோலத் தெரியும், ஏனென்றால் அந்த மாதச் செலவு இன்னும் கணக்கிலிருந்து போகவில்லை. முதல் தேதி சம்பளம் வந்ததும், ஐந்தாம் தேதி பில் வந்து போன மாதச் செலவை மொத்தமாக எடுத்துக்கொண்டு போகும். கையில் மிஞ்சுவது வாடகைக்கும் பள்ளிக்கும் சரியாகப் போய்விடும். அதனால் இந்த மாத மளிகையும் கார்டில்தான் வாங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று மாதம் ஓடிவிட்டால், உழைத்து வாங்கப்போகிற சம்பளம் வருவதற்கு முன்பே செலவாகியிருக்கும். நடுவில் ஒரு மருத்துவச் செலவு வந்தாலோ, ஒருவருக்கு வேலை போனாலோ அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்டேட்மென்டிலேயே எழுதியிருக்கிறார்கள். மாதம் 3.5 சதவீதமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலும் இங்கே சாதாரண வட்டி விகிதம். வருஷத்துக்கு 42 சதவீதம். 20,000 ரூபாய் பில்லில் மினிமம் டியூ எனப்படும் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாயை மட்டும் கட்டினால் மீதி 19,000-க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. கிட்டத்தட்ட 120 ரூபாய். மொத்தம் 785. இரண்டரை மாதம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பரிசு ஒரே மாதத்தில் போய்விடும். அதோடு நிற்காது. பாக்கி வைத்தால் வட்டியில்லாக் காலமும் பறிபோகும், அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது மேல்வரம்பு என்று ஒன்று இல்லை. நோ-காஸ்ட் இ.எம்.ஐ. என்று பெயர் வைத்து வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது, கார்டுத் திட்டங்களில் அந்த வட்டி பல சமயம் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியது ரிசர்வ் வங்கி.

“நான் ஒழுங்காக முழுப் பணமும் கட்டுகிறேன், எனக்கு என்ன?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். உண்மையில் அவர்களுக்குச் சின்ன லாபம் உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறார். டெபிட் கார்டில் இதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒன்று இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், கிரெடிட் கார்டு கொடுத்த வங்கிக்குக் கடைக்காரரின் வங்கி தரும் பங்கை 0.3 சதவீதத்தில் கட்டிப்போட்டது. ஆஸ்திரேலியா 2003-லேயே அதைக் குறைத்தது, குறைத்ததும் அங்கே கார்டுகளின் பரிசுப் புள்ளிகளும் சுருங்கின. கடைக்காரரிடம் எடுத்த பணத்தில் ஒரு துண்டுதான் நமக்குப் பரிசாக வருகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கடைக்காரர் அதைத் தன் கையிலிருந்து தர மாட்டார், பொருளின் விலையில் வைப்பார். அந்த விலையைக் கார்டே இல்லாத அடுத்த வாடிக்கையாளரும் கொடுப்பார்.

பாஸ்டனில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையின் பொருளாதார அறிஞர்கள் 2010-இல் இதைக் கணக்கிட்டார்கள். அங்கே ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பம் வருஷத்துக்குச் சராசரியாக 149 டாலரை இப்படி இழக்கிறது, கார்டுக் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்றார்கள். இங்கே கணக்கிலிருந்து நேராகப் போகும் யூ.பி.ஐ.க்குக் கட்டணம் இல்லாததால் நிலைமை அந்த அளவு மோசமில்லை. ஆனாலும் ஒரே விலைச் சீட்டு ஒட்டிய பெரிய கடைகளில் அதே வழியில்தான் பணம் நகர்கிறது. மினிமம் டியூ மட்டும் கட்டி 42 சதவீத வட்டியில் சிக்கியவர்கள் தரும் பணமும் இதே நிறுவனங்களின் வருமானம். உங்கள் ஒழுங்குக்குக் கிடைக்கும் பரிசின் ஒரு பகுதியை இன்னொருவரின் தடுமாற்றம் தருகிறது. இதை அறிந்த பிறகும் அந்த 120 ரூபாயைச் சாமர்த்தியம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

பொருத்தமான கார்டைத் தேர்ந்தெடுங்கள் என்ற அறிவுரையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பொருத்தம் நிலைக்காது. இன்று மின்கட்டணத்துக்குப் புள்ளி தரும் கார்டு அடுத்த காலாண்டில் நிறுத்திவிடும். 2024 மே மாதம் முதல் இரண்டு தனியார் வங்கிகள், கரண்ட், தொலைபேசி போன்ற பில்கள் ஒரு அளவைத் தாண்டினால் பரிசுக்குப் பதில் ஒரு சதவீதக் கட்டணமே வாங்கத் தொடங்கின. புள்ளியின் மதிப்பை 25 பைசாவிலிருந்து 20 பைசாவாகக் குறைப்பதும், அதை மாற்றிக்கொள்ளவே 99 ரூபாய் கட்டணம் வைப்பதும் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும் வேலை. விதியை எழுதுகிறவரே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றிருக்கும் ஓர் ஏற்பாட்டுக்குக் குடும்பத்தின் செலவை வளைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

அப்படியானால் கார்டு எதற்கு? அவசரத்துக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்லும்போது. தெரியாத தளத்தில் ஒரு பொருளோ ரயில், விமான டிக்கெட்டோ வாங்கும்போது. சேமிப்புக் கணக்கிலிருந்து நேராகப் பணம் போய்விடாமல், தகராறு வந்தால் கேள்வி கேட்க ஒரு இடைவெளி கிடைக்கும். இந்தக் காரியங்களுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரே ஒரு கார்டு போதும். அது என்ன புள்ளி தருகிறது என்பது கடைசிக் கேள்வி. பில் தேதி உங்கள் சம்பளத் தேதிக்குப் பிறகு வருகிறதா என்று முதலில் பாருங்கள். முழுத் தொகையும் தானாகக் கட்டப்படும்படி வங்கியில் எழுதிக்கொடுங்கள். படிவத்தில் மினிமம் டியூ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். கடன் வரம்பு ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டினால் குறைக்கச் சொல்லுங்கள். அடிக்கடி விமானத்தில் பறக்கிறவர்களுக்கும், நிறுவனச் செலவைத் தன் கார்டில் போட்டுத் திரும்ப வாங்குகிறவர்களுக்கும் கணக்கு வேறு. நான் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணத்தோடு மாதத்தை ஓட்டும் வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன். அந்த வீடுகளைக் குறிவைத்துத்தான் இன்றைய விளம்பரங்கள் வருகின்றன. 2024 தொடக்கத்திலேயே நாட்டில் புழக்கத்தில் இருந்த கிரெடிட் கார்டுகள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன.

இந்த மாத ஸ்டேட்மென்டை எடுத்து வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பாருங்கள். புள்ளிகள் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கட்டணம், வட்டி, ஜி.எஸ்.டி. வரிகளைக் கூட்டுங்கள். கார்டு இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டோம் என்று தோன்றும் பொருள்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாவது, மூன்றாவது கார்டு இருந்தால் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் மூடாமல் இருக்கச் சலுகை சொல்வார்கள், காத்திருக்க வைப்பார்கள். அசைந்துகொடுக்காதீர்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி.